கோட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே

குவில்ட் என்றதும் எல்லோரும் தையலைத்தான் நினைக்கிறார்கள். துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்போ பழைய போர்வையோ வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டது அது; கண்ணில் படுவது தையல்தான். ஆனால் அந்தப் போர்வை விரித்தால் சதுரமாக விழுமா, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்குமா என்பது ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. குறிப்பதிலும் வெட்டுவதிலும்தான் பாதி வேலை இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு வரிசையில் ஒன்பது சதுரம் என்றால் அவற்றை இணைக்க எட்டுத் தையல். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இஞ்ச். அதில் ஒவ்வொரு துண்டிலும் அரை நூல், அதாவது இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே போனால் ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். எட்டுத் தையலுக்கு எட்டு நூல், முழுசாக ஓர் இஞ்ச். இந்த வரிசை ஓர் இஞ்ச் குறைந்து அடுத்த வரிசை சரியாக வந்தால் இரண்டையும் எப்படி இணைப்பது? இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது உப்பும். எந்த இடத்திலும் பெரிதாக எதுவும் தவறவில்லை. அரை நூல், அரை நூலாகப் போனதுதான்.

ரவிக்கை தைத்தே காலம் போனவள் நான். ரவிக்கை மன்னிக்கும். உள்ளே ஓர் உடம்பு இருக்கிறது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம், டாட்டில் எடுத்துக்கொள்ளலாம், பின்னால் பிரித்துவிடுவதற்கென்று உள்ளே துணியும் விட்டிருப்போம். போர்வைக்குள் உடம்பு கிடையாது. ஒரு துண்டுக்கு அளவு, பக்கத்தில் இருக்கும் இன்னொரு துண்டுதான். அறுபதைத் தாண்டிய பிறகு குவில்ட் பக்கம் வந்தபோது என்னை முதலில் ஈர்த்தது இந்தக் கண்டிப்புதான்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கும் இதில் ஆசை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பெண். குறிக்கவும் வெட்டவும் வேண்டிய சாமான்களைப் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு லீவுக்கு ஈரோட்டுக்கு வந்து இறங்கினாள். நீலப் பேனா, ஊதாப் பேனா, சூட்டில் மறையும் பேனா, வெள்ளி நிறப் பென்சில், சின்னச் சக்கரம் வைத்த சாக்பொடி டப்பா, ஜப்பானியத் தையல்காரர்கள் வைத்திருக்கும் ஹேரா, வட்டக் கத்தி, பச்சைப் பாய், கண்ணாடி மாதிரியான பெரிய ஸ்கேல்.

"எது நல்லதுன்னு நாம எதுக்கு அம்முச்சி மெனக்கெடோணும்? வீடியோவுல ஒரு அக்கா எல்லாத்தையும் போட்டுப் பாத்துச் சொல்லியிருக்காங்க."

"அந்தக்கா சொன்னது அவங்க துணிக்கு, அவங்க ஊட்டுத் தண்ணிக்குக் கண்ணு. நம்ம துணிய நாமதான் கேக்கோணும்."

கேட்டோம். வெள்ளைப் பாப்ளின், வெளிர் மஞ்சள், கறுப்பு, அடர் பச்சை, சென்னிமலைக் கைத்தறி, பூப்போட்ட சீட்டி என்று கைக்குக் கிடைத்த வெட்டுத்துணிகளில் பட்டை பட்டையாக எடுத்து ஒரு நீளத் துணியாக இணைத்தோம். எல்லாப் பட்டையின் மீதும் குறுக்காக, ஒவ்வொரு கருவியாலும் ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் எதனால் போட்டது என்று அழியாத மையில் பெயர். பிறகு அதை நெடுக மூன்றாக வெட்டினோம். ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் அலசினோம், ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம், ஒன்றை முதலில் இஸ்திரி போட்டுவிட்டுப் பிறகு நனைத்தோம். எங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு குழாய், போர் தண்ணீருக்கு ஒரு குழாய். இரண்டிலும் செய்து பார்த்தோம். மூன்றையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டபோது அவளுக்கே தெரிந்துவிட்டது, எந்தக் கருவியையும் பொத்தாம்பொதுவாக நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாதென்று.

நீலப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் பட்டதும் அந்தக் கோடு கரைந்து போகிற அழகைப் பார்த்தால் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். இஸ்திரிக்குப் பிறகு நனைத்த துணியிலோ அதே கோடு பழுப்பாகி உட்கார்ந்துவிட்டது. சூடு பட்டால் அது போகாது. ஆகவே நீலப் பேனா எடுத்தால், கோடு முழுக்கக் கழுவிப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது. சோப்புக்கு முன்னால் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். குவில்ட்டிலோ ஒவ்வொரு தையலுக்கும் பிறகு அழுத்தி இஸ்திரி போட்டால்தான் அடுத்த தையல் நேராக வரும். அதனால் துண்டுகளை வெட்டுவதற்கு இது உதவாது. எல்லாம் இணைத்து முடித்து, மேலே போடப்போகும் ஓட்டுத்தையலுக்கு டிசைன் வரைய இதைப்போல் சுகமானது வேறில்லை.

ஊதாப் பேனா தண்ணீர்கூடக் கேட்காது, காற்றிலேயே மறையும். ஈரக்காற்று இருந்தால் இன்னும் சீக்கிரம். ஐப்பசி அடைமழையில் காலையில் போட்ட கோட்டை மத்தியானச் சமையல் முடித்துவிட்டு வந்து தேட வேண்டியிருக்கும். சித்திரையில் மறுநாளும் கண்ணுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்தில் தைத்து முடிக்கிற சின்ன வேலைக்கு அது போதும்.

சூட்டில் மறையும் பேனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இளம்பெண்கள் அதிகம் கேட்பது அதைப் பற்றித்தான். அது காகிதத்தில் எழுதித் திருத்துவதற்காக வந்த பேனா. மையில் நுண்ணிய உறைகளுக்குள் நிறம் இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு ஏறினால் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. போகிறதே ஒழிய மை துணியை விட்டு எங்கேயும் போய்விடவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கும் குறைவாகக் குளிர்ந்தால் நிறம் திரும்பத் தொடங்கிவிடும். இஸ்திரி போட்டுச் சுத்தமாகிவிட்ட ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் ஓர் இரவு வைத்தோம். காலையில் எடுத்தால் கோடு மங்கலாக, ஆனால் முழு நீளத்துக்கும் இருந்தது. ஈரோட்டில் படுத்துத் தூங்குகிறவருக்கு அதனால் தொல்லையில்லை. கனடாவிலோ மின்னசோட்டாவிலோ இருக்கும் பிள்ளைக்கு ஆசையாகத் தைத்து அனுப்பினால், ஜனவரியில் காரின் பின்சீட்டில் கிடக்கும் போர்வையில் பாட்டி போட்ட கோடெல்லாம் எழுந்து வரும். கறுப்புத் துணியில் இன்னொரு சங்கதி: நிறம் போன இடத்தில் வெளுத்த ஒரு தடம் நின்றுவிடுகிறது. தையலுக்குள் மறைந்துபோகும் ஓரங்களில் மட்டும் அதைப் பயன்படுத்து என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

டெய்லர் சாக் என் கைக்குப் பழகியது. அதன் விளிம்பைப் பிளேடால் சீவிச் சீவி மெல்லிசாக வைத்துக்கொண்டால்தான் கோடு கோடாக இருக்கும். மழுங்கிய சாக்கில் கோட்டின் அகலமே அரை நூல் வந்துவிடும், அப்புறம் கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது? கடையில் வாங்கும்போது விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் நல்லது. வழவழவென்று மெழுகாக இருந்தால் பருத்தித் துணிக்கு வேண்டாம், இஸ்திரி சூட்டில் எண்ணெய்க் கறையாக இறங்கும். கறுப்பு, அடர் பச்சை போன்றவற்றுக்கு, கரைந்து மெலிந்து காய்ந்துபோன வெள்ளைச் சோப்புச் சில்லைவிட நல்ல சாமானை நான் இன்னும் பார்க்கவில்லை. காசு கிடையாது, கூர்மையான விளிம்பு, தண்ணீரில் போய்விடும். பட்டில் மட்டும் சோப்பை வைக்காதீர்கள், பட்டைப் பருத்தியைப்போல் நனைக்க முடியாது.

ஹேரா என்பது மழுங்கிய கத்தி மாதிரி ஒரு கைக்கருவி. கிமோனோ தைக்கிறவர்கள் பயன்படுத்தியது; அந்தக் காலத்தில் எலும்பில், தந்தத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். மையும் இல்லை, பொடியும் இல்லை. துணியை அழுத்தி இழுத்தால் பளபளப்பாக ஒரு மடிப்புத் தடம் விழும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் வெள்ளையிலும் தெரியும், கறுப்பிலும் தெரியும். பூப்போட்ட சீட்டியில் மட்டும் கண் தடுமாறும். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா இதே வேலையைக் கட்டைவிரல் நகத்தால் செய்வார். வாடிக்கையாளர் கொடுத்த விலையுயர்ந்த துணியில் அவர் பென்சில் வைத்து நான் பார்த்ததில்லை. மடித்து, நகத்தால் ஒரு கீறு. நமக்குச் சொந்தமில்லாத துணியில் நம் தடம் இருக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. தைக்கும்வரை தெரிய வேண்டும், தைத்த பிறகு இருக்கக் கூடாது. எங்களுக்கு ஆரம்பத்தில் ஒவ்வொரு கோட்டையும் அவரே போட்டுக் கொடுத்தார், பிறகு பாதிக் கோடு, பிறகு சாக்கை எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் போடுகிற கோடும் அந்த மாதிரித்தான் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். இன்று நாற்பது வயதாகும் மகளின் பேச்சில் அம்மா போட்ட கோடு பழுப்பாக நின்றால் அதைக் கழுவுவதற்குத் தண்ணீர் கிடையாது.

வளைவும் பூவுமாக இருக்கிற டிசைனுக்கு நம்மூர் ஆரி வேலைக்காரர்கள் வைத்திருக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது. பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியையோ நீலத்தையோ பஞ்சால் தொட்டு மேலே தேய்ப்பார்கள். துளை வழியாகப் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். கோலப்பொடி அச்சு வைப்பதும் இதே வித்தைதான். போர்வைக்கு மண்ணெண்ணெய் வாடை வேண்டாமென்று நான் சோளமாவை மெல்லிய துணியில் முடிந்து தட்டிக்கொள்கிறேன். உதிர்ந்துவிடும், அதனால் ஒரு கட்டம் தட்டி, அதைத் தைத்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

குறிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஓர் ஊர் இங்கிலாந்தின் வடக்கே உண்டு. நார்தம்பர்லாந்தில் ஆலன்ஹெட்ஸ் என்ற மலைக் கிராமம். அங்கே ஜார்ஜ் கார்டினர் என்ற கடைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குவில்ட் மேல்துணிகளில் டிசைன் வரைந்து கொடுத்துவந்தார். அவரிடம் தொழில் பழகியவர் 1861-இல் பிறந்த எலிசபெத் சாண்டர்சன். பெண்கள் துணியை அவர்களிடம் அனுப்புவார்கள். நீலப் பென்சிலால் முழுக்க வரைந்து திரும்பி வரும். தைப்பது அவரவர் வீட்டில். சாண்டர்சன் பெயரிலேயே ஒரு நட்சத்திர டிசைன் இன்றும் வழங்குகிறது. பழைய வட இங்கிலாந்துக் குவில்ட்டுகளில் சிலவற்றில் அந்த நீலக்கோடு இன்னும் தெரிகிறது, கழுவாமலே பத்திரப்படுத்திய போர்வைகள். எங்கோ ஒரு மேசையில் குனிந்து கோடு போட்ட கையை நூறு வருஷம் கழித்தும் பார்க்க முடிகிறது என்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் கோடு போட்டவரே இருந்தால், தையல் முடிந்தது, கழுவிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இத்தனை கருவியையும் பற்றிப் பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். துணிக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது. கைத்தறியில் ஓரத்தில் ஒரு இழையைக் குண்டூசியால் நெம்பிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், துணி சுருங்கிச் சுருங்கி இழை வெளியே வரும். இழை போன இடத்தில் மெல்லிய சந்து ஒன்று விழும். அதைவிட நேரான கோட்டை எந்த ஸ்கேலும் போடாது. நேர் நூலில் வெட்டிய துண்டு இழுத்தாலும் அசையாது. கிராஸில் வெட்டிய துண்டு கையில் எடுக்கும்போதே நீளும். மில் துணிகூடத் தேய்த்து மடித்துக் கடைக்கு வரும்போது இழை கோணியிருக்கும். அதனால் முதலில் துணியை நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, இழை பார்த்து நேராக்கிக்கொண்டுதான் அளவெடுப்பது. அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

அந்த அவசரம் இல்லாமல் என் அப்பா பங்கு பிரித்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். என் அண்ணனுக்கும் தம்பிக்கும் தோட்டத்தைப் பிரிக்கிற பேச்சு வந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் பத்திரத்துக்கு நாள் பார்த்துவிடலாம் என்றார்கள். அப்பா கேட்கவில்லை. வரப்பு வரப்பாக முளைக்குச்சி அடித்து, களத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். "ஒரு வெள்ளாமை போகட்டும். இதுதான் அவனவன் பங்குன்னு நெனச்சுப் பண்ணையம் பாருங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். காகிதத்தில் சரிபாதியாக இருந்த பங்கு நிலத்தில் அப்படி இல்லை என்பது தண்ணீர் பாய்ச்சும்போது தெரிந்தது. வாய்க்காலின் கடை மடை முழுக்கத் தம்பி பங்கில் விழுந்தது. கிணற்றுக்குப் போகும் வண்டித்தடம் அண்ணன் களத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. யார் மனதிலும் வஞ்சம் இல்லை, கோடு சரியில்லை, அவ்வளவுதான். மழையில் கரைந்த சுண்ணாம்பை இரண்டு பேருமாகச் சேர்ந்து வேறு இடத்தில் போட்டார்கள். அறுவடைக்குப் பிறகுதான் சர்வேயர் வந்தார், கல் நட்டார், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. இன்றுவரை அந்த வரப்பில் ஒரு சொல் தடித்து வந்ததில்லை.

வேலையை விடுவது, வீட்டை விற்பது, தனிக்குடித்தனம், ஒரு உறவை முறித்துக்கொள்வது என்று யார் வந்து கேட்டாலும் எனக்கு அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் நினைவுக்கு வரும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. கோட்டைப் போட்டுவிட வேண்டும், தெளிவாக, மெல்லிசாக. போட்டுவிட்டு அதன் இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் நடமாடிப் பார்க்க வேண்டும். கோட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் காலத்தைத்தான் நாம் வீணாய்ப் போகிற காலம் என்று நினைக்கிறோம்.

கத்தரி இருந்த வரையில் அந்தக் காலம் தானாகவே கிடைத்தது. அட்டையில் அளவு வெட்டி, அதைத் துணிமேல் வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டு, பிறகு கத்தரியைத் தேடி எடுப்பதற்குள் கண் இன்னொரு முறை பார்த்துவிடும். அமெரிக்காவிலும் குவில்ட்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வெட்டினார்கள். 1979-இல் ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் வட்டக் கத்தியைக் கொண்டுவந்தது. மழுங்கிய நுனியை ஒடித்துவிட்டுப் புது நுனியால் வெட்டும் கத்தியை 1956-இல் கண்டுபிடித்த யோஷியோ ஒகாடாவின் நிறுவனம் அது. கைப்பிடி ஒன்றில் சுழலும் தகடு. தையல் வேலைக்கென்று வந்ததைக் குவில்ட்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடியில் கீறினாலும் மூடிக்கொள்கிற பாய், மேலே கோடு போட்ட தடித்த அக்ரிலிக் ஸ்கேல், இரண்டுக்கும் நடுவில் துணி நாலைந்து மடிப்பாக. ஸ்கேலின் ஓரத்தோடு ஒரு இழுப்பு, பட்டை பட்டையாகத் துணி விழும். நாள் முழுக்க வெட்டியது ஒரு மணி நேரத்தில் முடியும்.

எனக்கு வேகத்தைவிட முக்கியமானது வேறு. பத்து இஞ்ச் கத்தரியை வாழ்நாளெல்லாம் பிடித்த கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்துவிட்டது. குளிர்காலக் காலைகளில் கத்தரி வாயைத் திறப்பதே வலி. வட்டக் கத்தியில் பலம் விரலிலிருந்து வருவதில்லை, தோளிலிருந்து வருகிறது. நின்றுகொண்டு, இடுப்புயர மேசையில், உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் போதும். இந்த வயசில் புதுசு புதுசாக எதற்கு என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கை தளர்ந்தால் மாற்ற வேண்டியது கருவியை. எத்தனையோ பேர் கருவியை மாற்றாமல் வேலையை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஹாலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் வட்டக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டும் போய்விட்டது. இதில் துணியில் கோடே போடுவதில்லை. ஸ்கேலில் இருக்கும் கோடுதான் கோடு. குறிப்பதும் வெட்டுவதும் ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. இரண்டரை என்று நினைத்து இரண்டேகாலில் வைத்திருந்தால், நாலு மடிப்பும் போன பிறகுதான் தெரியும். அதற்காக வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஸ்கேலை வைத்ததும் அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையை எடுத்து மடிப்பின் ஓரம் ஸ்கேலின் குறுக்குக் கோட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்புறம்தான் கத்தியின் மூடியைத் திறப்பது. வெட்டி முடித்ததும், மேசையில் வைப்பதற்கு முன்பே மூடுவது. பேத்தி முதலில் முணுமுணுத்தாள். இப்போது போனில் பேசும்போது பின்னணியில் "ரெண்டரை" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்கிறது.

கத்தரியை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வளைவுக்கு, பூ இதழுக்கு, சின்ன மூலைக்கு அதுதான். கைப்பிடி மேல்நோக்கி வளைந்த கத்தரியாக வாங்குங்கள், அப்போதுதான் கீழ்வாய் மேசையில் படுத்து ஓடும், துணி எழும்பாது. மீரட்டில் செய்கிற கத்தரிகள் பழைய வண்டிகளின் இரும்பை உருக்கி வருபவை. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றைத் திருகாணி கழற்றிச் சாணை பிடித்துச் சாணை பிடித்துத் தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். சைக்கிளில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு வருகிற சாணைக்காரர் எங்கள் தெருவுக்கு இப்போதும் வருகிறார். பிடித்துக் கொடுத்ததும் மல் துணியில் நுனியால் ஒரு வெட்டு வைத்துப் பாருங்கள். நுனி கடித்தால் திருப்பிக் கொடுங்கள், அவரே கோபிக்காமல் இன்னும் இரண்டு சுற்று விடுவார்.

குறிக்காமலே வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நான் மாணவிதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற போர்வைக்கு ஸ்கேலும் கிடையாது, சாக்கும் கிடையாது. அடித்துணியின் மூலையில் தொடங்கி, பழைய துணித் துண்டுகளை ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைத்தால்தான் அது முடிந்த போர்வை. அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்து நைந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்தும் கண்ணளவில் வெட்டியும் குவில்ட் தைத்தார்கள். 1972-இல் சியர்ஸ் கடைக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் வேலை அங்கே வந்தது. மிஞ்சிய துண்டுகளும் போர்வையாயின. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் அவற்றைச் சுவரில் தொங்கவிட்டன. அளவு தவறியதாக அவற்றில் ஒன்றும் இல்லை. முட்டி தேய்ந்த கால்சட்டையில் நல்ல துணி எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதுதான் துண்டு. பட்டையின் கோணல் அந்தக் காலின் கோணல். நம் கடைகளில் ஒரு வெட்டு வைத்துவிட்டு டர்ரென்று கிழித்துக் கொடுப்பார்களே, அதுவும் இழையை நம்பிச் செய்கிற வேலைதான். இத்தனை வருஷம் துணியைத் தொட்ட பிறகு அப்படி ஒரு போர்வை தைக்க எனக்கும் ஆசை வந்திருக்கிறது. பீரோவில் என் அப்பாவின் வேட்டிகள் இருக்கின்றன.

தொடங்குகிறவர்கள் எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் இது. நல்ல வெள்ளைச் சாக் ஒன்று, நீலப் பேனா ஒன்று, வீட்டில் கிடக்கும் சோப்புச் சில்லு. ஸ்கேலும் பாயும் வட்டக் கத்தியும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும், ஒன்றில்லாமல் ஒன்று பயன்படாது. கத்தி 45 மில்லிமீட்டர் போதும். 6 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் நீளம் உள்ள ஸ்கேல் ஒன்று இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். பாயைப் படுக்கையாகவே வையுங்கள்; வெயில் படும் ஜன்னலோரத்தில் சாய்த்தால் வளைந்துவிடும், வளைந்தது நிமிராது. அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. துணியில் குண்டூசி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஒரு குண்டூசியில் ஏறினால் தகட்டில் பல் விழும், பிறகு சுற்றுக்கு ஒரு இழையை விட்டுவிட்டுப் போகும்.

தேய்ந்த தகடுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். நமக்குத்தான் அது மழுங்கிய தகடு, விரலுக்கு இன்னும் கத்திதான். மூடி உள்ள ஒரு டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப்பைச் சுற்றி, மேலே பெரிதாக 'பிளேடு' என்று எழுதி, குப்பை வண்டி வரும்போது கையில் கொடுத்துச் சொல்லி அனுப்புகிறோம். எங்கள் தெருவில் குப்பை பிரிக்கிற பெண்கள் பைகளை வெறுங்கையால்தான் அவிழ்க்கிறார்கள்.